கிரகணத்துக்கு ஐந்து மாதம் முன்பே முடிந்துபோன வேலை

கேள்வி: என் மகள் 2020 பிப்ரவரி 14 அன்று பிறந்தாள், டாக்டர் சொன்ன தேதிக்கு ஒரு வாரம் முன்னால். வலது கையில் கட்டை விரல் இரண்டாக இருந்தது. ஒன்றேகால் வயதில் அறுவை சிகிச்சை செய்து சரிசெய்துவிட்டார்கள். இப்போது பாலர் பள்ளி இரண்டாம் ஆண்டு, நன்றாக எழுதுகிறாள், வரைகிறாள். தழும்பைத் தடவிப் பார்த்து "இங்க என்னம்மா இருந்துச்சு?" என்று கேட்கிறாள். நான் பேச்சை மாற்றிவிடுகிறேன். இப்போது மீண்டும் கர்ப்பமாக இருக்கிறேன், எட்டாவது வாரம். மன்னார்குடியிலிருந்து வந்திருக்கும் மாமியார், 2019 டிசம்பர் 26 சூரிய கிரகணத்தன்று நான் காரிடாரில் நின்று வேடிக்கை பார்த்ததாலும் காய் நறுக்கியதாலும்தான் அப்படி ஆனது என்கிறார். 20ஆவது வார ஸ்கேனில் எல்லாம் சரி என்றார்களே, அப்படியென்றால் விரல் அதற்குப் பிறகுதானே வந்திருக்க வேண்டும் என்று அவர் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. கணவரின் சித்தப்பாவுக்கும் பிறக்கும்போது ஒரு விரல் கூடுதலாக இருந்ததாம், மருத்துவச்சி நூல் கட்டி விழவைத்தாராம். இணையத்தில் தேடினால், விரலுக்குக் காரணமான மரபணு மூளையையும் பாதிக்கும் என்று வருகிறது. தூக்கமே இல்லை. தப்பு என்னுடையதா? இந்தக் குழந்தைக்கும் வருமா? (சிங்கப்பூர், ஈசூன் வாசகி)

அன்புள்ள தங்கைக்கு,

தப்பு உங்களுடையது இல்லை. ஆறுதலுக்காகச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள், உங்கள் கடிதத்தில் இருந்த தேதிகளை வைத்துக் காலண்டரில் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் எழுதுகிறேன். மரபியல் ஆலோசகர் வேலைக்கு வந்த நாளிலிருந்து இந்தக் கேள்வியைக் கேட்காத வருடம் எனக்குக் கிடையாது. உதடு பிளந்து பிறந்த குழந்தையின் அம்மா, காதோரம் சதை தொங்கும் குழந்தையின் அம்மா, எல்லாரும் அரை மணி நேரம் வேறு எதையெதையோ பேசிவிட்டு, கிளம்பும்போது கதவுப் பிடியில் கை வைத்துக்கொண்டுதான் கேட்பார்கள்: "டாக்டர்கிட்ட கேக்கல, உங்ககிட்ட கேக்குறேன், கிரகணத்தன்னிக்கு நான்..." நீங்கள் வெளிப்படையாகக் கேட்டுவிட்டீர்கள், அதுவே நல்லது.

கணக்கைப் பார்ப்போம். சொன்ன தேதிக்கு ஒரு வாரம் முன்னால் பிப்ரவரி 14 என்றால், கடைசி மாதவிலக்கு 2019 மே 17 வாக்கில். கரு உண்டானது மே கடைசியில். கரு உண்டாகி நாலு வாரம் ஆகும்போது உடம்பின் இரண்டு பக்கமும் சின்னதாக மொட்டுப் போல ஒன்று புடைக்கும், அதுதான் கை. உங்கள் மகளுக்கு அது ஜூன் கடைசி வாரம். ஐந்தாவது வாரத்தில் அந்த மொட்டின் நுனி தட்டையாகித் தோசைத் திருப்பி மாதிரி ஆகும், ஆறாவது வாரத்தில் அந்தத் தட்டைக்குள் விரல்களின் கோடுகள் தெரியும். அப்புறம் கோடுகளுக்கு நடுவில் இருக்கும் செல்கள் தாமாகவே மடிந்துபோய் விரல் விரலாகப் பிரியும் (வாத்துக்கு அந்தச் செல்கள் மடிவதில்லை, அதனால்தான் அதன் காலில் சவ்வு தங்கிவிடுகிறது). எட்டு வாரம் முடியும்போது எத்தனை விரல் என்பது முடிவாகியிருக்கும். அதாவது 2019 ஜூலை கடைசி. கிரகணம் வந்தது டிசம்பர் 26. நடுவில் முழுசாக ஐந்து மாதம். அன்று மதியம் ஒன்றேகால் தாண்டி, சூரியன் இரண்டு நிமிடம் வளையமாகத் தெரிந்தபோது நீங்கள் 32 வாரக் கர்ப்பிணி. உள்ளே உங்கள் மகளுக்கு நகம் வளர்ந்து விரல் நுனியை எட்டிக்கொண்டிருந்த நேரம் அது. அந்த இரண்டு கட்டை விரலும் அதற்கு வெகுநாள் முன்பே அங்கே இருந்தன.

சரி, ஸ்கேனில் ஏன் தெரியவில்லை? மாமியார் கேட்பது நியாயமான கேள்விதான், அதை ஒதுக்கிவிட முடியாது. 20ஆவது வாரத்தில் எடுக்கும் ஸ்கேனில் மூளை, இதயம், முதுகெலும்பு, சிறுநீரகம் என்று பார்க்க ஏகப்பட்டது இருக்கிறது. கை என்றால், இரண்டு கையும் இருக்கிறதா, எலும்பின் நீளம் வாரத்துக்குத் தக்கபடி இருக்கிறதா, குழந்தை கையைத் திறந்து மூடுகிறதா என்று பார்ப்பார்கள். விரலை ஒவ்வொன்றாக எண்ண வேண்டுமென்றால் குழந்தை கையை விரித்துக் காட்ட வேண்டும். பெரும்பாலும் அது முஷ்டியை மடக்கிக்கொண்டு, கட்டை விரலை உள்ளே வைத்துக்கொண்டு, முகத்துக்குப் பக்கத்தில் கையை ஒட்டி வைத்திருக்கும். மடங்கிய முஷ்டிக்குள் இருக்கும் இரட்டைக் கட்டை விரலைத் தவறவிடுவது சகஜம். "எல்லாம் சரி" என்று அவர்கள் சொன்னதற்குப் பொருள் "பார்க்க முடிந்த வரை சரி" என்பதுதான், அந்தப் பாதியை அறையில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

இனி, விரல் எப்படி இரண்டானது என்பதற்கு வருகிறேன். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், ஏனென்றால் மூளை பற்றிய உங்கள் பயத்துக்குப் பதில் இதற்குள்தான் இருக்கிறது.

புளோக்கில் காரிடார் கடைசி வீட்டில் ரசம் தாளிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டில் தும்மலே வரும், இரண்டு வீடு தள்ளி நல்ல வாசனை, நாலாவது வீட்டில் லேசாக, லிஃப்ட் பக்கத்து வீட்டுக்குத் தெரியவே தெரியாது. கை மொட்டுக்குள்ளும் இப்படித்தான் நடக்கிறது. சுண்டு விரல் வரவேண்டிய மூலையில் ஒரு சின்னக் கூட்டம் செல்கள் ஒரு புரதத்தை வெளியே விடுகின்றன. அது எவ்வளவு வந்து சேர்கிறது, எவ்வளவு நேரம் வந்துகொண்டிருக்கிறது என்பதை வைத்து அந்தந்த இடத்துச் செல்கள் தாம் எந்த விரலாக வேண்டும் என்று தெரிந்துகொள்கின்றன. நிறைய வந்தால் சுண்டு விரல், வரவே இல்லையென்றால் கட்டை விரல். 1968ல் ஜான் சாண்டர்ஸ், மேரி கேஸ்லிங் என்ற இருவரும் முட்டைக்குள் இருந்த கோழிக் கருவில் அந்த மூலைச் செல்களைக் கொஞ்சம் வெட்டியெடுத்து எதிர்ப்பக்க ஓரத்தில் ஒட்டிவைத்துப் பார்த்தார்கள். சிறகில் விரல்கள் கண்ணாடியில் பார்த்தது போல இரண்டு வரிசையாக முளைத்தன. அப்போது அது என்ன பொருள் என்று யாருக்கும் தெரியாது. 1993ல்தான் அந்தப் புரதத்தின் மரபணு பிடிபட்டது. அதற்கு ஒரு வீடியோ கேம் பாத்திரத்தின் பெயரை வைத்துவிட்டார்கள்: சோனிக் ஹெட்ஜ்ஹாக். ஹெட்ஜ்ஹாக் என்றால் முள்ளெலி. அதற்கு முன்பே பழ ஈயில் இதே குடும்பத்து மரபணு ஒன்று கெட்டுப்போனால் புழுவின் உடம்பெல்லாம் முள்முள்ளாக வருவதைக் கிறிஸ்டியானே நியூஸ்லைன் ஃபோல்ஹார்டும் எரிக் வீஷாஸும் 1980ல் எழுதியிருந்தார்கள், பெயர் அங்கிருந்து தொடர்கிறது. வாழைப்பழத்தை மூடாமல் வைத்தால் வந்து மொய்க்குமே, அந்த ஈதான். அதன் கருவில் எது தலை, எது வால், எந்தக் கட்டத்தில் சிறகு, எந்தக் கட்டத்தில் கால் என்று முடிவு செய்யும் மரபணுக்களைக் கண்டதற்காக அந்த இருவரோடு எட்வர்ட் லூயிஸுக்கும் சேர்த்து 1995ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். லூயிஸ் ஆராய்ந்த குடும்பத்துக்கு ஹாக்ஸ் மரபணுக்கள் என்று பெயர், அதில் ஒன்று இடம் மாறி வேலை செய்தால் ஈயின் தலையில் உணர்கொம்பு இருக்க வேண்டிய இடத்தில் கால் முளைக்கும். நம் உடம்பில் அவை 39 இருக்கின்றன, கழுத்தெலும்பு எங்கே முடிய வேண்டும், விலா எங்கே ஆரம்பிக்க வேண்டும் என்பதெல்லாம் அவற்றின் பொறுப்பு. விரல்களிலும் அவற்றுக்குப் பங்கு உண்டு, ஆனால் உங்கள் மகளின் கட்டை விரலுக்கு முதலில் நினைக்க வேண்டியது சோனிக்கைத்தான்.

லிஃப்ட் பக்கத்து வீட்டிலும் யாரோ கொஞ்சம் தாளித்துவிட்டால் என்ன ஆகும்? கட்டை விரல் ஓரத்தில், இருக்கக் கூடாத இடத்தில் அந்தப் புரதம் துளி கசிந்தால் அங்கே ஒரு விரல் கூடுதலாக வரும். அவ்வளவுதான் விஷயம். பரம்பரையாக இரட்டைக் கட்டை விரல் வரும் சில குடும்பங்களை எடின்பரோ ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2003ல் வெளியிட்டபோது எல்லாரும் வியந்தது எதற்கென்றால், அவர்களுடைய சோனிக் மரபணுவில் ஒரு குறையும் இல்லை. அதைக் கையில் மட்டும் போட்டு அணைக்கிற சுவிட்ச் ஒன்று இருக்கிறது, மரபணுவிலிருந்து சுமார் 10 லட்சம் டிஎன்ஏ எழுத்துகள் தள்ளி, வேறொரு மரபணுவின் நடுவில். ஈசூனில் இருக்கும் விளக்குக்கு ஜூரோங்கில் சுவிட்ச் வைத்த மாதிரி. அந்த சுவிட்சில் ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தது. இதே சுவிட்ச் எலி, கோழி மட்டுமல்ல, பேத்தை மீனிலும் கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது என்று பார்த்துத்தான் அது முக்கியமான இடம் என்று உறுதிசெய்தார்கள். விரலே இல்லாத மீனுக்கு அது துடுப்புக்கு வேண்டியிருக்கிறது. ஒன்று சொல்ல வேண்டும், பேத்தை மீனின் டிஎன்ஏவை முழுசாகப் படித்து 2002ல் வெளியிட்ட பன்னாட்டுக் குழுவில் நம் சிங்கப்பூரின் மூலக்கூறு, உயிரணு உயிரியல் கழகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. எனக்கு அதில் பெருமை.

இப்போது மூளைக்கு வருவோம். நீங்கள் படித்தது பொய் இல்லை. சோனிக் மரபணுவே கெட்டுப்போனால் மூளை இரண்டு பாதியாகப் பிரிவதிலும் முகம் அமைவதிலும் கடுமையான சிக்கல் வரும், 1996லேயே தெரிந்த விஷயம். ஆனால் மூளைக்கு வேறு சுவிட்ச், கைக்கு வேறு சுவிட்ச். எலிகளில் கைக்குரிய அந்த சுவிட்சை மட்டும் முழுசாக வெட்டியெடுத்துப் பார்த்திருக்கிறார்கள்: கைகால்கள் குட்டையாக நின்றுபோயின, மற்றபடி அந்த எலிகள் நன்றாக வாழ்ந்தன. உங்கள் மகளுக்கோ ஒரு விரல் கூடியது, அவ்வளவுதான். ஆறு வயதுப் பெண், பேசுகிறாள், எழுதுகிறாள், வரைகிறாள். இந்த விரலை வைத்துக்கொண்டு அவளுடைய மூளையைப் பற்றிக் கவலைப்பட ஒரு காரணமும் இல்லை. அந்தப் பக்கத்தை மூடிவிட்டு இன்று ராத்திரி தூங்குங்கள்.

அடுத்தது, இந்தக் குழந்தைக்கும் வருமா? இரட்டைக் கட்டை விரல் நம் ஆசியப் பக்கம் அரிதான சங்கதி இல்லை. ஒரு கையில் மட்டும், வேறு எந்தக் குறையும் இல்லாமல், குடும்பத்தில் யாருக்கும் இல்லாமல் வந்தால், பெரும்பாலும் அது அந்தக் கருவில் அந்த நேரத்தில் நடந்த ஒன்று, அடுத்த பிள்ளைக்கு வரும் வாய்ப்பு மிகக் குறைவு. அப்படிப்பட்டவர்களில் மரபணுச் சோதனை செய்தாலும் பல நேரம் ஒன்றும் அகப்படாது. சுவிட்சில் எழுத்து மாறிய குடும்பம் என்றால் கதை வேறு, ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டில் ஒரு வாய்ப்பு, அப்படி மாறிய எழுத்தைச் சுமந்துகொண்டு விரலில் ஒன்றுமே தெரியாமல் இருப்பவர்களும் உண்டு.

நீங்கள் எந்த வகை என்று தெரிந்துகொள்ள இரண்டு காரியம் செய்யுங்கள், இரண்டுக்கும் காசு கிடையாது. முதலில் உங்கள் கணவரை உட்கார வைத்து இரண்டு கட்டை விரலையும் மடக்கச் சொல்லுங்கள். மற்ற விரல்களில் மூன்று எலும்பு, கட்டை விரலில் இரண்டுதான், அதனால் உள்ளங்கையைத் தாண்டி வெளியே நிற்கும் பாகத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் அது மடங்க வேண்டும். வழக்கத்துக்கு மேல் நீளமாக, மற்ற விரல்களைப் போல இரண்டு இடத்தில் மடங்கினால் அதை எங்களிடம் சொல்ல வேண்டும், இந்தச் சுவிட்ச் குடும்பங்களில் மூன்று எலும்புக் கட்டை விரல் ஓர் அடையாளம். உங்கள் விரலையும் மாமனார் விரலையும் அதே போலப் பாருங்கள்.

இரண்டாவது, சின்ன மாமனாருக்கு ஒரு போன் போட்டு, அந்த விரல் கையின் எந்தப் பக்கம் இருந்தது என்று கேளுங்கள். நூல் கட்டி விழுந்தது என்று படித்தவுடனே எனக்குத் தோன்றியது, அது எலும்பில்லாத சதைத் துணுக்காக இருந்திருக்கும், அப்படி இருப்பது பெரும்பாலும் சுண்டு விரல் ஓரத்தில்தான். சுண்டு விரல் பக்கம் வருவதும் கட்டை விரல் பக்கம் வருவதும் வேறு வேறு. முன்னது குடும்பத்தில் சகஜமாக இறங்கி வரும், அதற்குக் காரணமான மரபணுக்களும் வேறு. அப்படியென்றால் அவர் விரலுக்கும் உங்கள் மகளின் விரலுக்கும் சம்பந்தம் இருக்க வாய்ப்பு குறைவு. அவர் "கட்டை விரல் பக்கம்" என்று சொன்னால், தழும்பு தெரிகிற மாதிரி ஒரு போட்டோ வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி எடுத்து வையுங்கள். (இந்தக் காலத்தில் யாரும் வீட்டில் நூல் கட்ட வேண்டாம், தோல் புண்ணாகிச் சீழ் பிடித்து வந்த குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன்.)

விரல் மடங்குவதிலோ சின்ன மாமனார் சொல்வதிலோ ஏதாவது இருந்தால், உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் மரபியல் பிரிவுக்குக் கடிதம் கேளுங்கள், கேகே மகளிர், சிறார் மருத்துவமனையிலும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் அந்தப் பிரிவு இருக்கிறது. ஒன்றுமே இல்லையென்றால் 20ஆவது வார ஸ்கேனின்போது, படுத்தவுடனேயே, "முதல் பிள்ளைக்குக் கட்டை விரல் இரண்டு, இரண்டு கையையும் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்று கேட்டுவிடுங்கள், அதுவே போதும். குழந்தை முஷ்டியை மடக்கியிருந்தால் எழுந்து கொஞ்ச நேரம் நடந்துவிட்டு வரச் சொல்வார்கள். பத்தாவது வாரத்திலிருந்து எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் இது தெரியாது, அது டவுன் சிண்ட்ரோம் போன்ற குரோமோசோம் கணக்கைத்தான் முக்கியமாகப் பார்க்கும். பனிக்குட நீரை ஊசியில் எடுத்துப் பார்க்கலாமா என்றும் கேட்பீர்கள். அதில் கரு கலையும் ஆபத்து சிறிதளவு உண்டு. அறுவை சிகிச்சையில் சரியாகிற ஒரு விரலுக்காக அதைச் செய்ய வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன்.

எட்டாவது வாரம் என்றீர்கள். கரு உண்டானதிலிருந்து கணக்கிட்டால் ஆறு வாரம், மொச்சைக் கொட்டை அளவு இருக்கும், சரியாக இப்போதுதான் கைக்குள் விரல் கோடுகள் தெரிய ஆரம்பித்திருக்கும். இந்த நாட்களில் கருவைப் பாதிக்கக் கூடியவை எவை என்பது நன்றாகத் தெரிந்த விஷயம். 1957லிருந்து 1961 வரை தாலிடோமைட் என்ற மாத்திரையை மசக்கைக்குக் கொடுத்தார்கள், கரு உண்டாகி மூன்றாவது வாரத்திலிருந்து ஐந்தாவது வாரத்துக்குள் சாப்பிட்ட தாய்மார்களுக்குக் கை கால் குறைந்த குழந்தைகள் பிறந்தன, உலகம் முழுக்க 10,000க்கு மேல். இன்று நான் அதிகம் கேட்பது முகப்பரு மாத்திரையைப் பற்றி: ஐசோட்ரெட்டினாயின். அது விட்டமின் ஏ குடும்பம், கருவில் ஹாக்ஸ் மரபணுக்களுக்கு உத்தரவு போகும் வழியிலேயே குறுக்கிடும். வீட்டில் தங்கையோ நாத்தனாரோ அதைச் சாப்பிட்டுக்கொண்டு குழந்தைக்குத் திட்டமிட்டால், குறைந்தது ஒரு மாதம் முன்பே நிறுத்த வேண்டும் என்று சொல்லுங்கள். நீங்கள் வலிப்புக்கோ வேறு எதற்கோ மருந்து சாப்பிட்டால் தானாக நிறுத்தாமல் மருத்துவரிடம் இந்த வாரமே கேளுங்கள். ஃபோலிக் அமில மாத்திரை நிற்க வேண்டாம். காய் நறுக்குங்கள், அதில் ஒன்றும் இல்லை.

மாமியாரிடம் என்ன சொல்வது? என் பாட்டியும் கிரகணத்தன்று ஜன்னலை மூடித் தண்ணீரில் தர்ப்பை போட்டு வைத்தவர்தான், அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். பிள்ளைத்தாய்ச்சியை எப்படியாவது காப்பாற்றிவிட வேண்டும் என்ற பயம் அது. அடுத்த கிரகணத்தன்று அவர் வீட்டுக்குள் இரு என்றால் இருந்துவிட்டுப் போங்கள், உங்களுக்கு நஷ்டம் இல்லை. ஆனால் அந்தக் காலண்டர் கணக்கை மட்டும் ஒரு தாளில் எழுதி அவரிடம் காட்டுங்கள், ஜூன், ஜூலை, டிசம்பர் என்று. சின்ன மாமனார் பக்கமிருந்து வந்தது என்று தெரியவந்தால், அதை வைத்து "உங்க குடும்பத்து வியாதி" என்று ஆரம்பிக்க வேண்டாம். ஒரு எழுத்து மாறியதற்கு அவர்களில் யாரும் பொறுப்பு இல்லை, நீங்கள் பொறுப்பு இல்லாதது போலவே.

உங்கள் மகளிடம் பேச்சை மாற்றாதீர்கள். ஆறு வயதில் கேட்கிறாள், அடுத்த வருடம் தொடக்கநிலை ஒன்றில் யாராவது அவளைக் கேட்பார்கள். பிறந்தபோது எடுத்த போட்டோ இருந்தால் காட்டிச் சொல்லுங்கள்: உனக்கு ரெண்டு கட்டை விரல் இருந்துச்சு, ஒண்ணு கொஞ்சம் சின்னது. சாதாரணமாக இந்த அறுவை சிகிச்சையில் சின்னதை எடுத்துத் தூக்கிப்போட்டுவிட மாட்டார்கள், மூட்டு ஆடாமல் நிற்பதற்காக அதிலிருந்த தசைநாரை எடுத்து, இருக்கிற விரலோடு சேர்த்துத் தைப்பார்கள். உங்கள் மகளுக்கும் அப்படிச் செய்தார்களா என்று அறுவை சிகிச்சைக் குறிப்பில் இருக்கும், அதை வாங்கிப் பாருங்கள். அப்படியென்றால் இப்போது அவள் பென்சில் பிடிக்கும் விரலில் அந்த இரண்டும் இருக்கின்றன என்று அவளிடம் தைரியமாகச் சொல்லலாம்.